இதைத்தான் பார்க்கக் கூடாது

அவர் ஒரு பாவத்தைக் கண்டிக்க ஆரம்பித்தால் எங்கள் வேதக்கோயிலில் கைக்குழந்தைகூடத் தூங்காது. பரலோகத்தைப் பற்றிப் பேசும்போது பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். பொறுமையைப் பற்றிப் பேசும்போது மீதிப் பேரும் சுவரில் சாய்ந்திருப்பார்கள். ‘இப்ப நாடகக் கொட்டகையப் பத்திக் கொஞ்சம் எச்சரிக்கை சொல்லணும்’ என்று அவர் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்ததும் பாய்கள் சரசரக்கும். எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆண்கள் பக்கத்திலிருந்து ‘கொஞ்சம் தள்ளுய்யா, மறைக்குது’ என்று ஒரு குரல் வரும்.

அவர் எங்கள் ஊர்ச் சபையின் உபதேசியார். குருப்பட்டம் பெற்ற பாதிரியார், நாங்கள் ஐயர் என்போம், உத்தமபாளையத்தில் இருந்தார். சில மாதங்களுக்கு ஒருமுறை மாட்டுவண்டியில் வந்து அப்பமும் திராட்சரசமுமாகத் திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம், ஜெபம், சண்டை தீர்ப்பது, சவத்தை அடக்கம் செய்வது எல்லாம் இவர்தான். என் கணவர் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். நான் கல்யாணமாகி அந்த ஊருக்குப் போனபோது இரண்டாம் உலக யுத்தம் தொடங்கவில்லை. கோயில், பள்ளிக்கூடம், உபதேசியார் வீடு, எங்கள் வீடு எல்லாம் ஒரே கள்ளிவேலிக்குள் இருந்தன. அதனால் அவருடைய ஞாயிற்றுக்கிழமை முகம் மட்டுமல்ல, மற்ற நாள் முகமும் எனக்கு நன்றாகத் தெரியும்.

கறுத்து ஒல்லியான மனிதர். கன்னம் ஒட்டிப்போய், கழுத்து எலும்பு தெரியும். ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஆனால் அந்தத் துண்டு தலைமேல் முக்காடாக விழுந்துவிட்டால் அந்த மனிதரைக் காணமுடியாது. அங்கே ஒரு பெண் நிற்பாள். துண்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு காலை மட்டும் லேசாக மடித்து, இல்லாத பூச்செடியிலிருந்து இல்லாத பூவைக் கிள்ளுவாள்.

“இப்படி வந்து நிப்பா. ராசா அங்கன இருந்து வருவான். நேராப் பாக்கமாட்டான். இவளும் நேராப் பாக்கமாட்டா. எப்படிப் பாப்பான்னா...” என்று சொல்லி, கண்ணை மட்டும் ஒரு ஓரத்துக்கு நகர்த்துவார். அவ்வளவுதான். பெண்கள் பக்கத்தில் யாரோ மூச்சை இழுப்பது கேட்கும். பாட்டின் வார்த்தைகளை மட்டும் அவர் வாயால் சொல்லமாட்டார்; அது அசுத்தம். ‘தன்னன்னா, தானன்னா’ என்று மெட்டை மாத்திரம் காட்டுவார், எப்படிப்பட்ட கண்ணி அது என்று நமக்குத் தெரியவேண்டாமா? பிறகு சட்டென்று துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, குரலை இரும்பாக்கிச் சொல்வார்.

“நல்லாப் பாத்துக்கிருங்க. இதத்தான் பாக்கப்படாது.”

அடுத்த வாரம் முழுக்க நடவு வயலில் பெண்கள் அந்தத் ‘தானன்னா’வை முனகிக்கொண்டு நாற்று நடுவார்கள். உபதேசியார் வரப்பில் போனால் நிறுத்திவிடுவார்கள். மரியாதைதான்.

கோயில் சன்னலுக்கு வெளியே சபையைச் சேராதவர்களும் வந்து நிற்பார்கள். மேலத்தெருச் சம்சாரி ஒருவர் சனிக்கிழமை சாயங்காலம் மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறபோது வேலியோரம் நின்று கேட்பார். “என்ன உபதேசியாரே, நாளைக்கு என்ன பாவம்?”

“சீட்டாட்டம்.”

“அதுவா. அப்ப நான் அடுத்த வாரம் வாரேன்.”

அவர் கேலி செய்கிறார் என்று இவருக்குத் தோன்றவே தோன்றாது. ஒரு ஆத்துமா அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறது என்று என் கணவரிடம் சந்தோஷமாகச் சொல்வார். என் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து, கதவைச் சாத்திவிட்டுச் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். வேஷக்காரர் என்று மட்டும் அவரை யாரும் நினைத்துவிடக் கூடாது. அவ்வளவு உண்மையான மனிதரை நான் பிறகு எந்தச் சபையிலும் பார்த்ததில்லை. அந்த உண்மைதான் அந்த வீட்டைத் தின்றது.

எனக்கு முதல் பிள்ளை பிறந்து காய்ச்சலில் போனபோது, ஊரில் பெரிய மனிதர்கள் எல்லாரும் வந்து கர்த்தருடைய சித்தம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தானே குழி வெட்டினார். திரும்பி வந்து எங்கள் வாசலில் கை கழுவாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என் கணவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தன் வீட்டில் கஞ்சி குடிக்க வைத்தார். அதற்காகவே நான் அவரை எதற்கும் மன்னிப்பேன் என்று ஒரு காலத்தில் நினைத்தேன்.

கண், காது விஷயத்தில் அவர் கடுமைக்கு அளவே கிடையாது. வீரபாண்டி அம்மன் திருவிழாச் சமயத்தில் கொட்டும் குலவையுமாக வண்டிகள் எங்கள் ஊர் வழியாகப் போகும். அப்போது தெருவில் இருந்தால், சத்தம் வரும் பக்கமாகக் குடையை விரித்துச் சாய்த்துக்கொள்வார். மழையுமில்லை, வெயிலுமில்லை. டூரிங் சினிமாக்காரன் நோட்டீஸ் வண்டியில் தப்படித்துக்கொண்டு வந்தாலும் அதே குடைதான். முகம் குடைக்குள் இருக்கும். கால் மட்டும் தப்புக்குச் சரியாகத் தாளம் தப்பாமல் விழுந்துகொண்டிருக்கும். இதை முதலில் கவனித்தவர் என் கணவர். ‘காலுக்கு யார் குடை பிடிப்பா?’ என்றார். சும்மா இருங்கள் என்று அதட்டினேன்.

அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது. உபதேசியாரம்மா கையால் தடவிப் பார்த்தே வகிடு எடுப்பார். “கல்யாணத்துக்கு எங்க ஆத்தா ஒரு கண்ணாடி குடுத்தாக. அவுக அதத் துணியில பொதிஞ்சு திருப்பிக் குடுத்துட்டாக. இது இங்கன இருந்தா நான் கெட்டுப் போவேன்னாக. ஆம்பள கண்ணாடியப் பாத்து என்னத்தக் கெட்டுப் போவாக, நீயே சொல்லு” என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். எனக்கும் அப்போது விளங்கவில்லை. அவர் சவரம் செய்துகொள்வதும் கையால் தடவித்தான். அதனால் தாடையில் எப்போதும் ஒரு கீறல் இருக்கும்.

கண்ணாடி பார்க்க வேண்டுமென்றால் அவருடைய மகள் மார்த்தாள் எங்கள் வீட்டுக்கு வருவாள். ஒரே மகள். எங்கள் சுவரில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டு உடனே திரும்பிவிடுவாள். ஒரு நொடி கூடுதலாக நின்று நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் நின்று பார்க்கவேண்டிய முகம்தான்.

மார்த்தாளுக்குப் பொய் சொல்ல வராது. மரியாதைக்குச் சொல்கிற பொய்கூட வராது. ஒரு தடவை மிஷனிலிருந்து வந்த ஒரு துரைசாணி பெண்பிள்ளைகளை நிறுத்தி, தினமும் காலையில் ஜெபம் பண்ணுகிறீர்களா என்று கேட்டாள். எல்லாப் பெண்களும் ஆமாம் என்றார்கள். இவள் மட்டும், “சில நாளு தூங்கிருவேன்” என்றாள். துரைசாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உபதேசியார் சிரிக்கவில்லை. பெருமையோடு அன்று முழுக்க எல்லாரிடமும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இந்த மார்த்தாள் கல்யாணம் இல்லாமலே மேகமலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயாவாகப் போனாள். அங்கேயே மலைக்காய்ச்சலில் இறந்துபோனாள். சவத்தைக் கீழே கொண்டுவர வழியில்லாமல் அங்கேயே புதைத்துவிட்டார்கள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் ஏதோ நல்லது நடக்கப் போகிறது என்று யாரும் காத்திருக்க வேண்டாம். அவளுக்குப் பிறகு உபதேசியாரும் அதிக காலம் இல்லை. கடைசி வருஷங்களில் அவர் பிரசங்கம் செய்யவில்லை. கோயில் மணி அடிப்பார், கூட்டிப் பெருக்குவார். திருவிருந்து ஞாயிறுகளில் வாசற்படியில் வெளிப்பக்கமாக உட்கார்ந்திருப்பார். அப்பமும் ரசமும் அவர்வரை வராது. அதற்கு முன்னாலேயே நின்றுவிடும். அவர் நாக்கில் அது படாமலே அவரைக் குழியில் வைத்தோம்.

எப்படி அப்படி ஆயிற்று என்று சொல்லவேண்டும்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. திருவிருந்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம் ஆயத்த ஆராதனை நடக்கும். அது முடிந்ததும் உபதேசியார் பள்ளிக்கூட அறையில் உட்கார்ந்து, திருவிருந்து எடுக்க விரும்புகிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிப்பார். பதில் சரியாக இருந்தால் சிலுவை அடித்த ஒரு தகர வில்லையைக் கையில் கொடுப்பார். மறுநாள் அந்த வில்லையை நீட்டினால்தான் பந்திக்குப் போகலாம். பெண்களை விசாரிக்கும்போது வாத்தியார் சம்சாரமும் கூட உட்கார வேண்டும் என்பது முறை. அதனால் அந்த அறையில் நான் இருந்தேன்.

யாரோடாவது மனஸ்தாபம் உண்டா? கள்ளு? குறி கேட்டாயா? சாமிக்கு விட்ட கிடாக்கறி தின்றாயா? கூத்து, நாடகம், சினிமா பார்த்தாயா? இந்த வரிசை மாறவே மாறாது. கடைசிக் கேள்விக்கு வரும்போது அவர் சற்று முன்னால் குனிவார்.

ஒரு நடவுக்காரி சொன்னாள். “கம்பத்துல சந்தைக்குப் போனப்ப சினிமாக் கொட்டகைக்கு வெளிய நின்னேன்யா. உள்ள போகல. சத்தம் மட்டும் கேட்டுச்சு.”

“என்ன சத்தம்?”

“பாட்டுத்தான்.”

“எப்படி?”

அவள் பயந்துகொண்டே இரண்டு அடி முனகிக் காட்டினாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். அவள் நிறுத்திய பிறகும் மூடிய கண்ணைத் திறக்கவில்லை. பிறகு திடுக்கிட்டவர் மாதிரி வில்லையைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அந்த மூடிய கண்ணை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் நான் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருந்தது?

மார்த்தாளுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். போடிப் பக்கம் இன்னொரு உபதேசியாரின் மகன். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். பையன் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனான். மார்த்தாள் அன்றைக்கு எங்கள் கண்ணாடி முன்னால் கொஞ்சம் கூடுதலாக நின்றாள், எனக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது. கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பதற்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு முன்னால் ஒரு திருவிருந்து வந்தது.

அந்தச் சனிக்கிழமை மார்த்தாள் அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள். மகள் என்று அவர் ஒரு கேள்வியையும் குறைக்கவில்லை. மனஸ்தாபம் இல்லை என்றாள். கள்ளு, குறி, கிடாக்கறி ஒன்றும் இல்லை. வில்லை இருந்த டப்பாவில் விரலை விட்டுக்கொண்டே அவர் கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

“நாடகம் பாத்தியா?”

“பாத்தேம்ப்பா.”

அவர் நிமிர்ந்தார். “எங்கன?”

“நம்ம கோயில்ல.”

அவள் துடுக்காகப் பேசவில்லை. கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. “நீங்க துண்டப் போட்டுக்கிட்டு நிப்பீகள்ல. அதத்தான் சொல்றேன். ஞாயித்துக்கெழமையானா அதுக்குத்தான் வாரேன். வசனம் ஒண்ணும் மனசுல நிக்கல. ஜெபத்துல கண்ண மூடுனா அந்தப் பொம்பளதான் வந்து நிக்கிறா. அத மறைச்சு வில்லை வாங்குனா பொய்யாயிரும்ப்பா.”

“ஏத்தா, கிறுக்கா நீ? அது பிரசங்கம்ல” என்று நான் குறுக்கே விழுந்தேன். கல்யாணம் வைத்திருக்கிற பெண் பேசுகிற பேச்சா இது? உபதேசியார் கையைக் காட்டி என்னை அடக்கினார். டப்பாவிலிருந்து விரலை எடுத்தார். பிறகு, நான் எதிர்பார்க்காத ஒரு குரலில், கூச்சத்தோடு கேட்டார்.

“அவ நல்லாருப்பாளா?”

மார்த்தாள் பொய் சொல்லத் தெரியாதவள். “ரொம்ப நல்லாருப்பாப்பா” என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. நான் அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த அத்தனை காலத்திலும் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் பார்த்ததில்லை. கர்த்தரைப் பற்றிப் பேசும்போதுகூட இல்லை. அந்தச் சந்தோஷத்தோடு என் பக்கம் திரும்பினார். நான் என் முகத்தை எப்படி வைத்திருந்தேனோ, தெரியாது. என்னைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. டப்பாவை மூடி என் கணவரிடம் கொடுத்துவிடச் சொல்லி எழுந்து போனார். மிச்சப் பேரை அன்று என் கணவர்தான் விசாரித்தார். மார்த்தாளுக்கும் வில்லை இல்லை, உபதேசியாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் ஐயர் வந்திருந்தார். பந்திக்கு முன்னால் உபதேசியார் எழுந்து சபைக்கு நேராக நின்று பேசினார். சின்ன வயதில் ஒரு நாடகக் கம்பெனிக்காரன் தன்னை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனதையும், குரல் உடைகிறவரை தான் பெண் வேடம் கட்டியதையும் சொன்னார். குரல் உடைந்து காய்ச்சலிலும் விழுந்த பிறகு கம்பெனி அவரைச் சின்னமனூர்ச் சத்திரத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டதாம். மிஷன்காரர்கள்தான் எடுத்துப் பிழைக்க வைத்திருக்கிறார்கள். எங்களில் யாருக்கும் இது தெரியாது. கண்ணாடி அவருக்கு ஏன் ஆகாது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

“அவள விட்டுட்டு வந்துட்டேன்னு நெனச்சேன். விடல. இந்தத் துண்டுக்குள்ள வச்சு இங்கன கூட்டிட்டு வந்துட்டேன். இத்தன வருசமா உங்களுக்குக் காட்டுனது அவளத்தான். என் மகதான் சொன்னா. என்னையும் என் மகளையும் பந்திக்குத் தடை பண்ணிருங்கய்யா” என்றார்.

தடை ஆயிற்று. ஐயருக்கு மனசே இல்லை. ஆனால் குற்றவாளியே தண்டனை கேட்கும்போது அவர் என்ன செய்வார்? உபதேசியாரம்மா எங்கள் வீட்டுக்கு வந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். “அவுக நேர்மைக்கு எம் மகதானா கெடைச்சா?” என்று என்னைக் கேட்டார். நான் அந்தக் கேள்வியை இன்றைக்கு வரை கடவுளிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பதில் வரும் என்ற நம்பிக்கையெல்லாம் போய்விட்டது.

சம்பந்தி உபதேசியார் நேரிலேயே வந்தார். நல்ல மனிதர், அதைச் சொல்லத்தான் வேண்டும். “கூத்தாடுன குடும்பம்னு நாங்க ஒதுக்கல. ஆனா தடையில இருக்கிற பிள்ளைக்கு எங்க சபையில ஓலை வாசிக்க விடமாட்டாக. அறுப்புப் பண்டிகைக்கு ஐயர் வாராக. நீங்க ரெண்டு பேரும் சபை முன்னால நின்னு, அந்தப் பாவத்த நான் வெறுக்கிறேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு. மொதல்ல நீங்க, பெறகு பிள்ள. அதுவரைக்கும் காத்திருக்கோம்” என்றார்.

ஒரு வார்த்தைதான். எத்தனையோ குடிகாரர்கள் அதே வார்த்தையைச் சொல்லித் தடை நீங்கி, பந்தியில் சாப்பிட்டு, அன்று சாயங்காலமே கள்ளுக்கடைக்குப் போயிருக்கிறார்கள். அவர்களில் யாருக்கும் அது தொண்டையில் சிக்கியதில்லை.

ஐயர் அவரைப் பிரசங்கத்தை விடச் சொல்லவில்லை. பண்டிகை வரையில் அவரே தொடர்ந்தார். ஆனால் கையில் துண்டு இல்லை. இரண்டு கையையும் மேசைமேல் ஊன்றிக்கொண்டு, தலை தூக்காமல், அச்சடித்த பிரசங்கத்தை வாசித்தார். சன்னல் காலியாயிற்று. பிறகு பாய்களும் காலியாக ஆரம்பித்தன. அந்தச் சமயம் பார்த்து ஊருக்கு வெளியே தரிசில் ஒருவன் டூரிங் சினிமாக் கொட்டகை போட்டுவிட்டான். எங்கள் சபையார் கும்பலாகப் போனார்கள். ஒருவனை உபதேசியார் வழியில் நிறுத்திக் கேட்டார். அவன் மறைக்கவில்லை. “நீங்க காட்டுன வரைக்கும் எங்களுக்கு அதே போதும்னு இருந்துச்சுய்யா. அங்கன போகணும்னே தோணல. இப்ப கோயில்ல என்ன இருக்கு?” என்று கேட்டுவிட்டுப் போனான். அவர் வேலியோரம் நின்றுவிட்டார். காட்டினாலும் பாவம், காட்டாவிட்டாலும் பாவம் என்று ஆகிப்போன ஒரு மனிதரிடம் நான் என்ன ஆறுதல் சொல்வது? உள்ளே வந்து அடுப்பைப் பார்த்தேன்.

பண்டிகை நெருங்க நெருங்க, அடுத்த வீட்டிலிருந்து அவர் அந்த வார்த்தையைச் சொல்லிப் பழகுவது கேட்கும். ‘நான் வெறுக்கிறேன்.’ மெதுவாக ஒரு தரம். அழுகையோடு ஒரு தரம். நெஞ்சைப் பிளக்கிற மாதிரி ஒரு தரம். அப்படி ஒருநாள் சாயங்காலம் கேட்டு நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நன்றாகச் சொல்கிறாரே, எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அன்று என் கணவரிடம் அவர் வந்து சொன்னது வேறு.

“எப்படிச் சொன்னாலும் நல்லாச் சொல்றேன் வாத்தியாரே. அதான் பயமா இருக்கு.”

“சொன்னாப் போதும்யா. மனசு பின்னாலயே வரும்” என்றார் என் கணவர்.

“வராது. அவள எனக்குப் பிடிச்சிருக்கு. இத்தன வருசம் ஜெபம் பண்ணியும் பிடிச்சிருக்கு. வெறுக்கிறேன்னு நடிக்கலாம். கர்த்தருக்கு முன்னால நடிச்சேன்னா, அப்புறம் நான் அங்கிருந்து வந்ததுக்கு என்ன அர்த்தம்?”

“மகளுக்காகன்னு நெனச்சுச் சொல்லுங்க.”

அவர் எழுந்து வீட்டுக்குப் போனார். மகளுக்காகச் சொல்லிவிடுவார் என்றுதான் நாங்கள் இருவரும் நம்பினோம். எந்த அப்பனும் சொல்லுவான்.

அறுப்புப் பண்டிகை ஞாயிறு. கோயிலுக்குள் நெற்கதிரும் பூசணியும் வாழைத்தாரும் குவிந்து கிடந்தன. கொட்டகைக்குப் போனவர்கள்கூடக் குளித்து, தலைசீவி வந்திருந்தார்கள். முன்வரிசையில் சம்பந்தி உபதேசியாரும் மாப்பிள்ளைப் பையனும் உட்கார்ந்திருந்தார்கள். பையன் புதுச் சட்டை போட்டிருந்தான். தலையைக் குனிந்தே இருந்தான். மார்த்தாள் பெண்கள் பாயில் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். அவள் கை என் கையைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது.

பாட்டு முடிந்தது. ஐயர் எழுந்து, தடையில் இருப்பவர்கள் முன்னால் வரலாம் என்றார். உபதேசியார் எழுந்து போய் நின்றார். தோளில் துண்டு இல்லாமல் அவரைப் பார்க்கவே என்னவோபோல் இருந்தது. கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“நான்” என்றார்.

சபை முழுக்க அவர் வாயையே பார்த்தது.

“நான் அந்த...” என்றார். நின்றுவிட்டார்.

“ஒரு வார்த்தை போதும், உபதேசியாரே” என்றார் ஐயர், மிகவும் தணிந்த குரலில்.

அவர் சம்பந்தியைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். உதடு அசைந்தது. நெஞ்சு நிமிர்ந்தது. எனக்கு அந்த அசைவு தெரியும். துண்டை எடுக்கிற நேரத்தில் வருகிற அதே நிமிர்வு. இதோ சொல்லப் போகிறார், அற்புதமாகச் சொல்லப் போகிறார், எல்லாரும் அழப் போகிறோம், மார்த்தாளுக்குக் கல்யாணம் ஆகப் போகிறது. கர்த்தாவே, நடிக்கட்டும் என்று நான் ஜெபித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உருக்கமாக நான் ஜெபித்ததில்லை. அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் வியர்த்திருந்தது. அவள் சரி என்று தலையை அசைத்திருந்தால் சொல்லியிருப்பார். சத்தியமாகச் சொல்லியிருப்பார்.

என் கையிலிருந்த அவள் கை இளகி விலகியது.

“உக்காருங்கப்பா” என்றாள் மார்த்தாள்.

அவர் வந்து உட்கார்ந்தார். ஐயர் அப்பத்தின் மேல் கிடந்த வெள்ளைத் துணியை எடுத்தார்.